கான்கார்டை மறுபடி பறக்கவிட முடியாதா?

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஒலியை மிஞ்சிய வேகத்தில் பயணிகளை ஏற்றிப் பறந்த கான்கார்ட் விமானம் மொத்தமே இருபதுதான் கட்டினார்களாம். அதில் பதினெட்டு இன்னும் முழு உருவத்தோடு அங்கங்கே மியூசியங்களில் நிற்கிறதாம். இத்தனை இருக்கும்போது ஒன்றையாவது தட்டிக்கொட்டிப் பறக்கவிட முடியாதா? அப்புறம், மற்ற பயணிகள் ஜெட்களை மட்டும் ஏன் சத்தமில்லாமல் உடைத்துப் போடுகிறார்கள்?"

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: முடியாது. ஆனால் அதோடு விட்டால் பாதி உண்மையை மறைத்தவன் ஆவேன். இருபத்தைந்து வருஷம் தரையில் கிடந்த ஒரு போயிங் 727, 2016-ல் தானே எழுந்து பறந்து மியூசியத்துக்குப் போயிருக்கிறது. அதற்கு முடிந்தது கான்கார்டுக்கு ஏன் முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் விமானப் பராமரிப்பில் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டுக்கு ஜெர்மனி, தம்பி மகன் வீட்டுக்கு இங்கிலாந்து என்று போகும்போதெல்லாம், மற்றவர்கள் கோட்டையும் அரண்மனையும் பார்க்கக் கிளம்பினால் நான் விமான மியூசியத்துக்குப் பஸ் ஏறிவிடுவேன். அதற்காக வீட்டில் வாங்கிய பேச்சு தனிக்கதை. பார்த்ததையும், வேலையில் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இருபதில் இல்லாமல் போனவை இரண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கிளம்பும்போது ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகப் பட்டை டயரைக் கிழித்து, டயர் துண்டு இறக்கையில் மோதி, எரிபொருள் கொட்டித் தீப்பிடித்து விழுந்தது. தரையில் இருந்த நால்வரையும் சேர்த்து 113 பேர் போனார்கள். இன்னொன்றும் ஏர் பிரான்ஸுடையதுதான். 1982-லேயே ஓரங்கட்டி, மற்றவற்றுக்கு உதிரிபாகம் எடுக்கப் பயன்படுத்தி, 1994-ல் வெட்டிப் போட்டார்கள். மிச்சம் பதினெட்டும் இருக்கின்றன.

அவை பிழைத்ததற்குக் காரணம், அது விமான உலகத்தின் சினிமா நட்சத்திரம். 2003 மே 31 அன்று ஏர் பிரான்ஸும் அக்டோபர் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸும் பயணிகள் சேவையை நிறுத்தின. நவம்பர் 26 அன்று ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட் என்று பதிவெழுத்தால் அழைக்கப்படும் விமானம், தான் பிறந்த பிரிஸ்டல் ஃபில்டன் தொழிற்சாலைக்கே போய் இறங்கியதோடு கதை முடிந்தது. ஒரே வருஷத்தில், கேமராக்கள் முன்னால் ஓய்வு. எனக்கு உனக்கு என்று மியூசியங்கள் வரிசையில் நின்றன.

சாதாரண ஜெட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. இருபது, இருபத்தைந்து வயதான விமானம் பாலைவனத்துக்குப் போய் நின்றதும் அதை 'பார்ட் அவுட்' செய்வார்கள். முதலில் என்ஜின் கழலும். அடுத்து லேண்டிங் கியர், துணை மின் என்ஜின், விமானிகள் அறைக் கருவிகள். விலையில் பெரும்பங்கு இவற்றில்தான். கடைசியில் மிஞ்சும் உடல், கிலோ கணக்கில் போகிற அலுமினியம். ஆகவே ஒரு விமான நிறுவனம் முழு விமானத்தை மியூசியத்துக்குக் கொடுக்கிறது என்றால், அந்த என்ஜின் காசை விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் அந்த மனசு வராது. மியூசியங்களில் பெரிய விமானத்தைப் பார்த்தால் என்ஜின் உறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். விசிறிக்குப் பின்னால் சில சமயம் காற்றுதான் இருக்கும்.

போயிங் 747 மட்டும் 1,574 கட்டினார்கள். அத்தனையையும் எங்கே வைப்பது? வைத்தவற்றுக்கு ஏதாவது ஒரு தகுதி இருக்கும். 1969 பிப்ரவரி 9 அன்று முதன்முதலில் பறந்த முதல் 747 சியாட்டில் மியூசியத்தில் இருக்கிறது. அதன் பிந்தைய வகையான 747-400-ல் முதலாவது அட்லாண்டாவில். 1989-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்த குவாண்டாஸ் விமானம், 2015-ல் சிட்னியிலிருந்து கால் மணி நேரம் பறந்து, அதைப் போன்ற ஒன்று இறங்குவதற்காகக் கட்டப்படாத ஆல்பியன் பார்க் என்ற சின்ன விமான நிலையத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. மற்றவற்றில் பல இப்போது உங்கள் வீட்டு ஜன்னல் சட்டமாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, கான்கார்டுக்கு வருவோம்.

முதல் தடை காகிதம். எங்கள் தொழிலில் ஒரு கிண்டல் உண்டு: விமானத்தின் எடையும் அதன் காகிதங்களின் எடையும் சமமானால்தான் அது பறக்கும். ஒவ்வொரு விமான வகைக்கும் அதை வடிவமைத்தவர் பொறுப்பேற்று நிற்க வேண்டும். விரிசல் கண்டால் எவ்வளவு வரை பரவாயில்லை, எந்த போல்ட்டை எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். கான்கார்டுக்கு அந்தப் பொறுப்பு வழிவழியாக ஏர்பஸ்ஸிடம் வந்திருந்தது. இனி தொடர முடியாது என்று 2003-ல் ஏர்பஸ் கைவிரித்தது. அதற்குப் பிறகு, எந்த நாட்டு அதிகாரியும் அந்த விமானத்துக்குப் பறக்கத் தகுதிச் சான்று கையெழுத்துப் போட மாட்டார். 2015-ல் ஓர் ஆர்வலர் குழு காசு திரட்டி ஒன்றை மறுபடி பறக்கவிடப் போவதாகச் சொன்னது. எதுவும் எழும்பவில்லை.

இரண்டாவது தடை உடம்பு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெளியே பலருக்குத் தெரியாத விஷயம்.

எந்த ஜெட் விமானத்திலும் உட்சுவர் பேனலைக் கழற்றினால் பின்னால் மெத்தை மாதிரி ஒரு காப்புப் போர்வை இருக்கும். வெளியே கடுங்குளிர், உள்ளே இருநூறு பேர் விடும் மூச்சு. அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகி, போர்வையில் ஊறி, வயிற்றுப் பக்கம் இறங்கும். பெரிய பராமரிப்புச் சோதனைக்கு வரும் விமானத்தில் சில போர்வைகளைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், நானே பிழிந்திருக்கிறேன். அரிப்பு தொடங்குவது அங்கேதான்.

கான்கார்டில் கதை தலைகீழ். சுமார் பதினெட்டு கிலோமீட்டர் உயரத்தில், ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகும்போது காற்றே அதன் தோலைச் சுட வைக்கும். மூக்கு நுனி 127 டிகிரி வரை போகும். மற்ற விமானம் உறைகிற இடத்தில் இது தோசைக்கல் மாதிரி சூடாகும். அந்தச் சூட்டில் உடல் பதினைந்து முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை நீளும். இறங்கிய பிறகு சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்து வெளியேறிவிடும். அதனால் அந்த வயதுக்கு அதில் அரிப்பு குறைவு. பறந்துகொண்டிருந்ததுதான் அதன் மருந்து. தரையில், அதுவும் இங்கிலாந்து மழையில் நிறுத்திய நாளிலிருந்து அந்த மருந்து நின்றுபோனது.

அதோடு ஹைட்ராலிக் எண்ணெயை வடித்துவிட்டால் ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கும். எரிபொருள் தொட்டிகளின் மூட்டுகளில் பூசிய பசை வெடிக்கும். விபத்துக்குப் பிறகு 2001-ல் மறுபடி பறப்பதற்காகத் தொட்டிகளுக்குள் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழையால் உறை போட்டார்கள். அந்த வேலை எல்லா விமானத்துக்கும் நடக்கவில்லை. ஹீத்ரோவில் நிற்கும் ஆல்ஃபா பிராவோவும் ஸ்காட்லாந்துக்குப் போன ஆல்ஃபா ஆல்ஃபாவும் அந்த மாற்றம் செய்யப்படாதவை. அவற்றின் பறக்கும் வாழ்க்கை 2000-லேயே முடிந்துவிட்டது.

மூன்றாவது தடை, அவை நிற்கிற இடம். இதைக் கேட்டால் சிரிப்பு வரும், பாவமாகவும் இருக்கும்.

சோதனைக்காகக் கட்டிய 101 எண் கான்கார்ட், கேம்பிரிட்ஜ் பக்கம் டக்ஸ்ஃபோர்ட் மியூசியத்தில் நிற்கிறது. அது 1977 ஆகஸ்டில் தானே பறந்து வந்து இறங்கியது. ஏன் அவசரமாக அப்போது வந்தது என்றால், பக்கத்தில் எம்-11 நெடுஞ்சாலை போடுவதற்காக ஓடுபாதையின் ஒரு முனையை வெட்டப் போகிறார்கள். வெட்டிவிட்டால் கான்கார்ட் இறங்க நீளம் போதாது. விமானம் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்திய மாதிரி ஓடுபாதையைக் குறைத்துவிட்டார்கள். இறங்கியது, இனிமேல் கிளம்ப இடமில்லை.

ஆல்ஃபா ஆல்ஃபாவுக்கு இன்னும் மோசம். எடின்பரோவுக்குக் கிழக்கே ஈஸ்ட் ஃபார்ச்சூன் என்ற இடத்தில் உள்ள தேசிய விமான மியூசியத்துக்கு அதைக் கொடுத்தார்கள். அங்கே பறந்து போய் இறங்க வழியில்லை. 2004-ல் இறக்கையை வெட்டி, உடலைத் தோணியில் ஏற்றி, தேம்ஸ் நதியில் லண்டன் பாராளுமன்றத்தைத் தாண்டிக் கொண்டுபோய், கடல் வழியாக ஸ்காட்லாந்து சேர்த்தார்கள். வெட்டிய இறக்கையை ஒட்ட வைத்துப் பார்வைக்கு நிறுத்தலாம். அதை நம்பி யாரும் ஏற மாட்டார்கள். நியூயார்க்கில் இருக்கும் ஆல்ஃபா டெல்டா, இன்ட்ரெபிட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் மியூசியத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் நிற்கிறது. அதற்கும் போக்குவரத்து தோணிதான். 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் வந்து சாதனை படைத்த இதே விமானம், 2008-ல் புரூக்ளினில் ஓரமாக நிறுத்தியிருந்தபோது பின்னோக்கி வந்த ஒரு லாரி இடித்து மூக்கு உடைந்தது. சரி செய்துவிட்டார்கள். ஆனாலும் நினைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் மூத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஆல்ஃபா டெல்டாவை அவர்கள் பார்த்திருக்கலாம். எழுபதுகளின் கடைசியில் லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று கொஞ்ச காலம் கான்கார்ட் ஓடியது. அதற்காக இதன் இடது பக்கம் முழுக்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலது பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். இறங்கியது சாங்கியில் இல்லை, அப்போது பாய லேபார்தான். இந்தியா தன் நிலத்துக்கு மேல் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்க அனுமதி கொடுக்கவில்லை, மலேசியாவும் முரண்டு பிடித்தது. 1980-ல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

இப்போது அந்த 727 கதை. முதன்முதலில் கட்டிய 727 அது. 1963 பிப்ரவரி 9 அன்று முதல் பறப்பு. பிறகு யுனைடெட் நிறுவனத்தில் 1964 முதல் 1991 வரை பயணிகளை ஏற்றியது. 64,495 மணி நேரம் பறந்து, 48,060 முறை தரையிறங்கி, ஏறத்தாழ முப்பது லட்சம் பேரைச் சுமந்திருக்கிறது. சியாட்டில் மியூசியத்துக்கு என்று கொடுத்து, பக்கத்தில் எவரெட் ஊரின் பெய்ன் ஃபீல்டில் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு அதிலிருந்து நிறைய பாகங்களை மற்ற விமானங்களுக்காகக் கழற்றிக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. தானம் கொடுத்த மாட்டிடமே பால் கறந்துகொண்ட கதை. ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளும் தன்னார்வலர்களும் வருஷக்கணக்காக, வேறு பழைய 727-களிலிருந்து ஒவ்வொன்றாகப் பாகம் எடுத்துப் பூட்டினார்கள். 2016 மார்ச் 2 அன்று அது எழும்பி, சுமார் கால் மணி நேரம் பறந்து, போயிங் ஃபீல்டில் மியூசியத்தின் வாசலில் இறங்கியது. பயணி யாரும் கிடையாது. ஒரே ஒரு பயணத்துக்கான சிறப்பு அனுமதி.

கவனியுங்கள், அதற்கு என்னவெல்லாம் கைகொடுத்தன என்று. 2016-லும் உலகத்தில் 727 பறந்துகொண்டிருந்தது. அதன் என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் இருந்தன. அதை ஓட்ட உரிமம் உள்ள விமானிகள் இருந்தார்கள். போயிங் பக்கத்திலேயே இருந்தது. 1,800-க்கும் மேல் கட்டிய வகை என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. கான்கார்டுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்ற ஒரு குடும்பம் அது.

ஆனால் உண்மையைச் சொன்னால், பறப்பதா வேண்டாமா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகத் தோன்றவில்லை. நிற்கிற விமானம் நின்றபடியே அழுகுவதுதான் என் கவலை.

நான் வேலை பார்த்த ஒரு விமான நிலையத்தில், மூடிப்போன நிறுவனம் ஒன்றின் விமானம் ஓரமாகச் சில வருஷம் நின்றது. ஒருநாள் ஏதோ பாகம் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். வயிற்றுத் தகடுகளில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், விரல்கூட நுழையாது. புழுதியும் காய்ந்த இலையும் சேர்ந்து அவற்றை அடைத்திருந்தன. ஒரு கம்பியை விட்டுக் குத்தினேன். பழுப்பு நிறத்தில் தண்ணீர் கையில் வழிந்து முழங்கை வரை இறங்கியது. நாற்றம் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீர் எத்தனை மழைக்காலமாக உள்ளேயே நின்றதோ. பக்கத்தில் தகட்டைத் தட்டினால் பப்படம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்பவர்களுக்கு அதைக் காட்ட வேண்டும். சிவப்பாகத்தான் வராது, வெள்ளைப் பொடியாக, உள்ளிருந்து உப்பிக்கொண்டு வரும்.

மியூசியத்திலும் வெளியே நிறுத்தினால் இதேதான். வெயிலில் ஜன்னல் அக்ரிலிக் நுண்ணிய விரிசல் விட்டு மங்கும், எஃகு போல்ட் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி அலுமினியம் கரையும், என்ஜின் வாயைச் சரியாக மூடாவிட்டால் குருவி கூடு கட்டும். டயர் ஒரே பக்கம் அமுங்கும் என்பதால் எடையைச் சக்கரத்திலிருந்து எடுத்து ஜாக் மேல் ஏற்ற வேண்டும். பழைய 747-களில் வால் பகுதியின் சமன் எடைக்கு யுரேனியம் உலோகக் கட்டி வைத்திருந்தார்கள், அணுசக்திக்கு உதவாத மிச்ச யுரேனியம். அதைப் போன்றவற்றையும் மியூசியம் பொறுப்பாகக் கையாள வேண்டும். கூரை கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் இத்தனை பெரிய பொருளுக்குக் கூரை என்றால் கோடிகளில் போகும். ஃபில்டனில் இறங்கிய ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட்டுக்கே 2017-ல்தான் கூரை கிடைத்தது. அதாவது பதினான்கு வருஷம் மழையில்.

மியூசியத்துக்குப் போய்விட்டால் ஆயுசு கெட்டி என்று நினைப்பவர்களுக்கு காஸ்ஃபோர்டைச் சொல்வேன். இங்கிலாந்தில் விமானப்படை மியூசியம் இருக்கும் ஊர். பிரிட்டிஷ் ஏர்வேஸின் பழைய விமானங்கள் அங்கே வெளியில் வரிசையாக நின்றன. பராமரிப்புக்கான பணம் நின்றதும், 2006-ல் வி.சி.10, போயிங் 707, ட்ரைடென்ட் மூன்றையும் அங்கேயே வெட்டினார்கள். முன்பகுதிகள் சில மட்டும் வேறு இடங்களுக்குப் போய்ப் பிழைத்தன. பி.ஏ.சி. ஒன்-லெவனும் விஸ்கவுண்ட்டும் ஈஸ்ட் ஃபார்ச்சூனுக்கு இடம் மாறித் தப்பின. பாலைவனத்தில் போகாத உயிர் மியூசியத்தில் போயிற்று.

அதனால்தான் என் கணக்கில், எல்லாவற்றையும் முழுசாக வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. நல்ல கூரையின் கீழ் ஒரு துண்டு இருந்தாலும் போதும். இதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி காமெட்.

1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் கிளம்பிய டி ஹாவிலண்ட் காமெட்தான் பயணிகளை ஏற்றிய முதல் ஜெட் சேவை. அதே வருஷம் ஆகஸ்டில் லண்டன்–கொழும்பு சேவையும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் அப்போது ஒரு பயணிகள் ஜெட்கூட ஓடவில்லை. நம்ம பக்கத்து கொழும்பில் ஜெட் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் 1954 ஜனவரியில் ஒன்று இத்தாலியின் எல்பா தீவருகே வானிலேயே சிதறி 35 பேர் இறந்தார்கள். ஏப்ரலில் இன்னொன்று நேபிள்ஸ் அருகே அதேபோல். காமெட் அத்தனையும் தரையில் நின்றன.

காரணம் கண்டுபிடிக்க இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் ஒரு முழு காமெட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் மட்டும் வெளியே. உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு பயணத்துக்குச் சமம். அந்த விமானம் ஏற்கெனவே 1,221 பயணம் பறந்திருந்தது. தொட்டியில் இன்னும் 1,836 தடவை தாங்கியது. 3,057-வது கணக்கில் உடல் கிழிந்தது. அதன் பிறகு எல்பா கடலடியிலிருந்து மீன்பிடி வலை போட்டு இழுத்தெடுத்த துண்டுகளில் ஒன்று, கூரையில் ரேடியோ திசைகாட்டிக்கான ஜன்னல் போன்ற திறப்பின் மூலையிலிருந்து விரிசல் ஓடியதைக் காட்டியது. பயணிகளின் சதுர ஜன்னலால்தான் விழுந்தது என்று பலரும் சொல்வார்கள். எல்பா விமானத்தில் தொடக்கம் கூரையில். மூல காரணம் இரண்டுக்கும் ஒன்றே: மூலையில் அழுத்தம் குவிந்து, உலோகம் களைத்துப் போனது.

அந்தக் கூரைத் துண்டு லண்டன் அறிவியல் மியூசியத்தில் இருக்கிறது. ஆளுயரத்துக்கும் குறைவான, சுருங்கிய ஒரு தகடு. பக்கத்தில் நின்ற குடும்பம் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு அங்கிருந்து கால் நகரவில்லை. என் வேலைக்காலம் முழுக்க டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஜன்னல் மூலை, கதவு மூலை, ரிவெட் வரிசை என்று விரிசல் தேடியதெல்லாம் அந்தத் தகட்டிலிருந்து வந்தது. லண்டன் கால்னி என்ற ஊரில் உள்ள டி ஹாவிலண்ட் மியூசியத்தில் பழைய சதுர ஜன்னல்களோடு ஒரு காமெட் உடல் மட்டும், இறக்கை இல்லாமல், உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போய் ஜன்னல் மூலையில் கை வைத்துப் பாருங்கள். கூர்மையாக இருக்காது, வளைத்துத்தான் இருக்கும். வளைவு போதவில்லை, அவ்வளவுதான்.

முழு விமானமாகவே பார்த்துத் தீர வேண்டும் என்றால் ஜெர்மனியின் ஜின்ஸ்ஹைம் போங்கள். கான்கார்டும் அதன் ரஷ்யப் போட்டியாளர் டுபோலெவ் 144-ம் ஒரே இடத்தில் இருப்பது உலகத்தில் அங்கே மட்டும்தான். இரண்டையும் மியூசியக் கூரையின் மேல், கிளம்பும் கோலத்தில் மூக்கைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கான்கார்ட் பக்கத்து விமான நிலையம் வரை பறந்து வந்து, ரைன் நதியில் தோணியில் ஏறி வந்தது. மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்தால் தரையே சாய்வு. இருக்கைகளுக்கு நடுவே மலையேறுவது மாதிரி முன்னோக்கி நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். நான் கான்கார்டை முடித்துவிட்டு டுபோலெவுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. கான்கார்டுக்கு இரண்டு மாதம் முன்னதாக, 1968-ன் கடைசி நாளில், முதலில் பறந்தது அந்த டுபோலெவ் வகைதான். ஆனால் பயணிகளோடு போனது 55 முறை மட்டுமே. உள்ளே கான்கார்டைவிட இடம் தாராளம். பிறகு ஏன் தோற்றது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஒரு மணி நேரத்துக்குள் ஷ்பையர் ஊரில் இன்னொரு மியூசியம். அங்கே ஒரு லுஃப்தான்சா 747-ஐக் கம்பங்களின் மேல் இருபது மீட்டர் உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்கள், இறக்கை மேல் நடக்கலாம். நடந்தேன். வேலைக்காலத்தில் இடுப்புக் கயிறு கட்டாமல் இறக்கை மேல் ஏறினால் மெமோ கொடுப்பார்கள்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பயணிகள் ஜெட்டுக்கு நாம் இதுவரை தேர்ந்தெடுத்த வழி பெரும்பாலும் ரெஸ்டாரண்ட். பழைய விமான உடலை லாரியில் ஏற்றி அனுப்பியபோது, 2022-ல் கொச்சியிலிருந்து ஹைதராபாத் போன ஒன்று ஆந்திராவில் சுரங்கப் பாலத்தில் சிக்கியது, 2023-ல் மும்பையிலிருந்து அசாம் போன இன்னொன்று பீகாரில் மேம்பாலத்தடியில் மாட்டியது. படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. இறக்கை இல்லாத அந்த உடலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய விமானம் ஒன்றுக்குள் நுழைந்து பார்க்க நமக்குக் கிட்டத்தில் இருப்பது விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் உள்ள கடற்படையின் டி.யு.142 கண்காணிப்பு விமானம். ஜெட் இல்லை, நான்கு ப்ரொப்பெல்லர் என்ஜின். பயணிகள் விமானமும் இல்லை. ஆனால் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறந்த நம்ம ஊர்க்காரர் என்று சொல்லலாம். 2017 மார்ச்சில் அங்கேதான் விடைகொடுத்தார்கள். விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போய், பிரித்து, கடற்கரையில் பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். உப்புக் காற்று அடிக்கும் இடம். போகிறவர்கள் வயிற்றுப் பக்கம் குனிந்து அந்தச் சின்ன ஓட்டைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கான்கார்ட் மறுபடி பறக்குமா என்று கேட்ட தம்பிக்குக் கடைசியாக ஒன்று. சியாட்டிலில் நிற்கும் ஆல்ஃபா கோல்ஃபின் விமானிகள் அறையில், ஃப்ளைட் இன்ஜினியரின் கருவிப் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. தரையில் அதற்குள் உள்ளங்கைகூட நுழையாது. முழு வேகத்தில் உடல் சூடாகி நீளும்போது அது கை நுழையும் அளவுக்கு விரியும். ஓய்வுக்கு முந்தைய கடைசிப் பறப்பில், விரிந்த அந்த இடுக்கில் ஃப்ளைட் இன்ஜினியர் தன் தொப்பியைச் செருகினார். விமானம் வேகம் குறைந்து, குளிர்ந்து, சுருங்கியது. தொப்பி அங்கேயே மாட்டிக்கொண்டது. சேதப்படுத்தாமல் அதை வெளியே எடுக்க வேண்டுமானால், ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அந்த விமானத்தை ஒருமுறை ஓட்டியாக வேண்டும்.